பன்னிரண்டு சேர்மங்களும் ஒரு கையெழுத்தும்

வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் தன் பெயர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது குழந்தைராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களை மனையாக்கி மனைகளைக் கட்டடமாக்கிய பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் துறையில் அவர் ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்கிய பத்தொன்பது பேரில் பாதிப் பேருக்கு மேல் எண்களை எடுத்துக் கொடுத்தது அவருடைய கைதான். ஆய்வேடு ஒவ்வொன்றிலும் நன்றிப் பக்கம் உண்டு. கடவுளுக்கு, பெற்றோருக்கு, நெறியாளருக்கு, கல்லூரி நிர்வாகத்துக்கு, கட்டிய கணவனுக்கு அல்லது மனைவிக்கு என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி வரியில் "ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும்" நன்றி சொல்லியிருப்பார்கள். அந்தக் கடைசி வரிக்குள்தான் குழந்தைராஜ் இருந்தார், தோட்டக்காரரோடும் வாட்ச்மேனோடும் சேர்ந்து. அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆசைப்பட்டதே இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவர் செய்த வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். தெரியாவிட்டால் பிறகு நடந்த அநியாயம் விளங்காது. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுப்பதும், அரிசி ஆலையில் தவிடு நாள்பட்டால் காறல் வாடை அடிப்பதும் ஆக்சிஜனேற்றம்தான். கரிமச் சேர்மங்கள் இப்படி மாறும்போது எவ்வளவு வேகத்தில் மாறுகின்றன, எந்தப் படியில் தயங்குகின்றன, எந்தப் படியில் தாவுகின்றன என்று கண்டுபிடிப்பதற்கென்றே வேதியியல்காரர்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் வேறொன்றை அளக்கிறார்கள். ஆக்சிஜனேற்றம் செய்யப் போட்ட மருந்தில் இத்தனை நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

குழந்தைராஜின் மேசையில் அது நடக்கும் விதம் இதுதான். முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. முப்பத்தைந்து டிகிரி என்றால் அது முப்பத்தைந்திலேயே நிற்க வேண்டும். மே மாதத்தில் தஞ்சாவூர் வெயிலுக்கு அறையே முப்பத்தெட்டைத் தாண்டிவிடும், அப்போது மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கிவந்து தொட்டியில் போடுவார். தொட்டிக்குள் இரண்டு குடுவைகள், ஒன்றில் அமிலம் சேர்த்த அமினோ அமிலம், மற்றதில் ஊதா நிறப் பெர்மாங்கனேட். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் கலந்து ஸ்டாப் வாட்சை அமுக்குவார். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிப்பெட்டில் ஐந்து மில்லி உறிஞ்சி அயோடைடு கரைசலில் விட வேண்டும். அந்த ஐந்து மில்லியில் வினை அங்கேயே நின்றுபோய் அயோடின் வெளியே வரும். ஸ்டார்ச் போட்டால் நீலமாகும். அளவுக் குழாயான பியூரெட்டிலிருந்து ஹைப்போ என்ற உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எந்தச் சொட்டில் நீலம் போகிறதோ அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி இறங்கியது என்பதுதான் அந்த நிமிடத்தின் ரீடிங். அதற்குள் அடுத்த ஐந்து நிமிடம் வந்துவிடும்.

இப்படி ஒன்றரை மணி நேரம் ஒரு வினை. ரீடிங்குகளை மடக்கையாக மாற்றி நேரத்துக்கு எதிரே புள்ளி வைத்தால் நேர்கோடு வர வேண்டும், கோட்டின் சாய்வு வினையின் வேகத்தைச் சொல்லும். அப்புறம் சூட்டை மாற்றி நான்கு முறை, சேர்மத்தை மாற்றிப் பத்து முறை, எல்லாவற்றையும் மறுபடியும் ஒருமுறை. ஆராய்ச்சி என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று வெளியே நினைத்துக்கொள்கிறார்கள். இடுப்பு வலிக்கிற விஷயம் அது.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய குழந்தைராஜுக்கு இதில் ஒரு கை அமைந்திருந்தது. நீலம் மறைகிற சொட்டுக்கு முந்தின சொட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை ஸ்டார்ச் தீர்ந்துபோனபோது வீட்டிலிருந்து வடிகஞ்சியைக் கொண்டுவந்து வடிகட்டி ஊற்றினார், அதுவும் நீலம் காட்டியது. அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. போன் வந்தோ, பிப்பெட் நுனி அடைத்துக்கொண்டோ ஒரு ரீடிங் தவறிவிட்டால், முந்தினதையும் பிந்தினதையும் பார்த்து நடுவில் ஒரு எண்ணைப் போட்டு ஒப்பேற்றுவது மாணவர்கள் செய்கிற வேலை. குழந்தைராஜ் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். கண்ணால் பார்க்காத எண்ணை அவர் எழுதியதில்லை. "பாக்காதத எழுதுனா அது கதைங்க," என்பார். இதற்காக அவரைக் கிண்டல் செய்த பிள்ளைகள் உண்டு.

துறைத்தலைவர் அருள்பிரகாஷ் மட்டும் கிண்டல் செய்ததில்லை. அவரும் குழந்தைராஜும் ஒரே வருஷம் அந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர் விரிவுரையாளராக, இவர் தினக்கூலி அட்டெண்டராக. அருள்பிரகாஷ் பகுதிநேரமாகப் பிஎச்டி செய்த ஆறு வருஷமும் ஒருவர் பிப்பெட் பிடிக்க இன்னொருவர் பியூரெட் பார்த்தார். மதியம் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். குழந்தைராஜின் மகள் ஜாய்ஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாகக் கோயிலில் நின்று மெழுகுவத்தி பிடித்தவர் அருள்பிரகாஷ். தனியாக இருக்கும்போது "என்ன குழந்தை" என்று ஒருமையில் கூப்பிடுவார், வெளி ஆட்கள் முன்னால் "நீங்க" போடுவார். குழந்தைராஜுக்கு எப்போதும் அவர் சார்தான். சார் நீட்டிய எதையும் அவர் மறுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அருள்பிரகாஷ் பன்னிரண்டு அமினோ அமிலங்களைப் பெர்மாங்கனேட்டோடு விட்டுப் பார்க்கும் வேலையை ஆரம்பித்தார். அப்போது அவரிடம் இருந்த ஒரே ஆய்வு மாணவிக்குத் தன் ஆய்வுக்கே நேரம் போதவில்லை, வேலை முழுக்கக் குழந்தைராஜ் தலையில் விழுந்தது. அவர் சந்தோஷமாகத்தான் செய்தார். முதல் வாரத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. பாதி வரைக்கும் ரீடிங் சீராக இறங்குகிறது, பாதிக்கு மேல் திடுமென்று வேகம் பிடிக்கிறது. புள்ளி வைத்தால் கோடு வளைகிறது.

"சார், இது நடுவுல ஓட்டம் புடிக்குது. பிள்ளைங்க பிராக்டிகல்ல ஆக்சாலிக் ஆசிட்டுக்கு விடும்போது மொதச் சொட்டு மெதுவாப் போவும், அப்புறம் மளமளன்னு போவும்ல, அந்த மாதிரி."

"தெரியும்யா. பெர்மாங்கனேட் மாறி உண்டாவுதே மாங்கனீசு, அதுவே வேகத்தக் கூட்டும். நமக்கு முதல் பாதி போதும். நீ எடுத்துக் குடு."

அவர் எடுத்துக் கொடுத்தார். பத்து அமினோ அமிலங்கள் முடிந்தன. மிச்சம் இரண்டு, நார்லூசினும் ஐசோலூசினும், விலை அதிகம் என்று நிர்வாகம் ஆர்டரை நிறுத்தி வைத்தது. பாட்டில் வரவில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பராமரிப்பவரும் குழந்தைராஜ்தான் என்பதால் அது வராதது அவருக்கு நன்றாகத் தெரியும். சார் வேறு வேலையில் இறங்கிவிட்டார், அது அப்படியே நின்றுபோயிற்று என்று இவர் நினைத்துக்கொண்டார். பிறகு சார் பெயரில் ஏதோ ஒரு கட்டுரை வெளிவந்ததோ, அதற்காகச் சாருக்குச் சால்வை போர்த்தியதோ இவருக்குத் தெரியாமல் இல்லை. எந்தக் கட்டுரை என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் சார் அந்த ரீடிங் நோட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கு நோட்டு. அடுத்த வாரம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"குழந்தை, நம்ம அமினோ ஆசிட் பேப்பர் இருக்குல்ல, ஜர்னல்காரங்க கேட்டிருக்காங்க, ரீடிங் எடுத்தது யாருன்னு. உன் பேர எழுதி அனுப்புறேன். ஜர்னல்ல வரும். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

கவனித்துப் பாருங்கள், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கேட்டது நிஜம், பெயர் அனுப்பியது நிஜம், ஜர்னலில் வந்ததும் நிஜம். அதுதான் அந்த மனிதரின் சாமர்த்தியம்.

குழந்தைராஜ் ஆங்கிலம் அறவே தெரியாதவர் அல்ல. பாட்டில் லேபிள்களைப் படிப்பார், கேட்லாக்கில் பொருள் தேடுவார். நீண்ட வாக்கியம்தான் அவருக்கு ஆகாது. அந்தத் தாளில் அவர் கண் நேராகப் போய் நின்றது தன் பெயரில். மிஸ்டர் எஸ். குழந்தைராஜ் என்று, இனிஷியலோடு, மிஸ்டரோடு. இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு மிஸ்டர் போட்ட முதல் காகிதம் அது. அதற்கு மேல் எதைப் படிப்பது! பேனாவை வாங்கிப் போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் மைசூர்பாகு கொடுத்தார். பங்குச் சாமியார் கையைக் குலுக்கினார். மனைவி அக்னஸ் புதுப்புடவை கட்டிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு பேரு ஃபாரின் புக்குல வருது," என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள். திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த ஜாய்ஸ் போனிலேயே அழுதாள். அருள்பிரகாஷும் அந்தப் பூசைக்கு வந்திருந்தார். மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கங்கிராட்ஸ் குழந்தை," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இனிப்பு அவர் தொண்டையில் எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு குழந்தைராஜ் வாரத்துக்கு ஒருமுறை ஷமீராவைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தார். ஷமீரா பட்டுக்கோட்டைக்காரி, அருள்பிரகாஷிடம் ஆய்வு செய்து முடித்து ஆய்வேடு கொடுக்கும் நிலையில் இருந்தவள். "வந்துடுச்சாம்மா?" என்பார். அவள் போனில் தேடிவிட்டு, "இன்னும் இல்லண்ணே," என்பாள். கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் அவள் இவர் கண்ணில் படாமலே நழுவினாள். கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, வந்துருக்கு. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல."

"எப்படி வந்தா என்னம்மா. படி."

அவள் ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தாள். பிறகு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். "இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. இதிலுள்ள ரீடிங்குகளை எடுத்தவர் வேதியியல் பயிற்சி இல்லாத ஆய்வக உதவியாளர் மிஸ்டர் எஸ். குழந்தைராஜ். வினைகளைச் செய்யாமலேயே எண்களை நிரப்பியதாக அவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டுரை ஆசிரியருக்கு இது தெரிந்திருக்கவில்லை."

குழந்தைராஜ் மேசைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, "செய்யாமலேயே நிரப்பியதாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

விஷயம் மெல்ல மெல்ல விளங்கியது. வேறு தேசத்தில் யாரோ ஒருவர் அதே வினைகளைச் செய்து பார்த்திருக்கிறார். கட்டுரையில் இருந்த மாதிரி கடைசி வரை கோடு நேராக வரவில்லை, பாதியில் வளைந்தது. மூல ரீடிங்கைக் காட்டுங்கள், எடுத்தவர் யார் என்றும் சொல்லுங்கள் என்று ஆய்விதழிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஷமீரா பழைய கட்டுரையின் அட்டவணையையும் போனில் எடுத்துக் காட்டினாள். குழந்தைராஜ் விரலை வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டு.

"நார்லூசின் இருக்கேம்மா. ஐசோலூசின் இருக்கு. அந்த ரெண்டு பாட்டிலும் நம்ம லேபுக்கு வரவே இல்லியே! எங்கேருந்து எடுத்தாரு ரீடிங்?"

எங்கிருந்து எடுத்தார் என்று ஷமீராவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும்.

"நீ எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா, இங்கிலீஷ்ல. அந்த ஜர்னலுக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, அடுத்த மாசம் எனக்கு வைவா. சார் கையெழுத்துப் போட்டாத்தான் எல்லாம். அஞ்சு வருஷம்ணே. வாப்பா துபாய்லேருந்து அனுப்பி அனுப்பித்தான் படிக்கிறேன். என்னால முடியாதுண்ணே."

"வேணாம்மா, வேணாம். நீ போ," என்றார். அவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது. அவள் ஆய்வேட்டிலும் பாதி ரீடிங் இவர் எடுத்ததுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்னஸிடம் சொன்னார். அக்னஸ் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"படிக்காமயா?"

"சார் நீட்டுனாரு."

"நம்ம கல்யாணத்தன்னிக்குக் கோயில் ரிஜிஸ்டர மூணு தடவ படிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு திருத்தச் சொல்லிட்டுத்தான் பேனாவத் தொட்டீங்க. அன்னிக்கு என்னையே நம்பல. அந்த ஆள எப்படிங்க நம்புனீங்க?"

அவர் சாப்பிடாமல் படுத்தார். அவமானம் ஒரு பக்கம், அதைவிட அதிகமாக அவரை அரித்தது வேறு. திருடினான் என்று எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பார்க்காததை எழுதினான் என்று எழுதிவிட்டார்களே! வேறு எந்தக் குற்றமும் அவருக்கு இவ்வளவு பொருந்தாமல் இருந்திருக்காது, இவ்வளவு வலித்தும் இருக்காது. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன் யார் என்று பார்த்தால், அது அந்தக் கழுத்தைப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வருஷம் பார்த்தவன்.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவர் துறைத்தலைவர் அறைக்குள் போனார். ஷமீராவிடம் கெஞ்சி அச்சிட்டு வாங்கிய அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தார்.

"சார், இது இங்கிலீஷ்ல இருக்கு. நீங்க எழுதிக் குடுத்ததுலேருந்து வந்ததுதான். எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க."

அருள்பிரகாஷின் முகம் வெளுத்தது. ஆனாலும் தாளை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இந்தப் பேப்பர வாபஸ் வாங்குறோம்னு போட்டிருக்கு. ரீடிங் எடுத்தது நம்ம லேப் அசிஸ்டென்ட் மிஸ்டர் குழந்தைராஜ்னு போட்டிருக்கு. ஏதோ எர்ரர் ஆயிடுச்சு, வருந்துறோம்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்யா."

"மூணாவது வரிய விட்டுட்டீங்க சார்."

அருள்பிரகாஷ் தாளைக் கீழே வைத்தார். ஏமாற்றியதைக்கூடக் குழந்தைராஜ் ஒரு நாள் முழுக்க ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்திருந்தார். சாருக்கு நெருக்கடி, வேலை போயிருக்கும், ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றெல்லாம். இப்போது கண்ணெதிரே, எல்லாம் தெரிந்துவிட்ட பிறகும், அந்த வரியைத் தாண்டிப் போகிற மனிதரை என்ன செய்வது?

"குழந்தை, நான் சொல்றத கேளு. யாரு படிக்கப்போறா அந்த ஜர்னல? இந்தக் காலேஜ்ல ஒருத்தனும் படிக்கமாட்டான். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது. மேனேஜ்மென்ட்ல பேசி, உம்மேல ஆக்ஷன் எடுக்கக் கூடாதுன்னு கேட்டு வாங்கியிருக்கேன்."

"செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்திருக்கீங்க."

"எம்பேரப் போட்டா என்ன ஆவும் தெரியுமா? என்கிட்ட பிஎச்டி வாங்குன அத்தன பேரு டிகிரியும் சந்தேகமாயிடும். ஷமீரா மாதிரிப் பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும். நீ ஒரு அட்டெண்டர். உனக்கு இதுல போறதுக்கு என்னய்யா இருக்கு?"

கேட்டுவிட்டார். இருபத்தாறு வருஷமாக மனசுக்குள் இருந்தது வாய்வழியாக வந்துவிட்டது.

"ரெண்டு பாட்டில் வரவே இல்ல சார். ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கு. அத நான் காட்டுவேன்."

அருள்பிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. "அந்த ரெஜிஸ்டரயும் நீதான எழுதுற, குழந்தை? பொய் ரீடிங் எழுதுனேன்னு கையெழுத்துப் போட்டவன் எழுதுன ரெஜிஸ்டர யாரு நம்புவா?"

குழந்தைராஜ் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ரீடிங் நோட்டு நான்கும் அந்த அறை பீரோவுக்குள்தான் இருக்கும், அல்லது எரிந்திருக்கும். கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்தது, கேட்கவில்லை.

அன்று மதியம் அவர் தனியாக உட்கார்ந்து முழு வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதினார். தமிழில்தான், அழகான கையெழுத்து அவருக்கு. "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, பத்துச் சேர்மங்களின் பெயரையும் அவற்றுக்கு எந்த மாதத்தில் ரீடிங் எடுத்தார் என்பதையும் எழுதினார். இரண்டு பாட்டில்கள் வராததை எழுதினார். தாள் ஆங்கிலத்தில் இருந்ததையும் தான் படிக்காமல் போட்டதையும் மறைக்காமல் எழுதினார். கடைசியில், "கையெழுத்து என்னுடையது. வாசகம் என்னுடையது அல்ல. என் முன்னால் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும், பத்து வினைகளையும் மறுபடி செய்து காட்டுகிறேன். இதை அந்த ஆய்விதழுக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்," என்று முடித்தார். எழுதியதைத் தானே ஒருமுறை படித்தார், ஒரு வார்த்தையும் மாற்றத் தேவைப்படவில்லை.

முதல்வர் பஞ்சநதம் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். குழந்தைராஜை உட்காரச் சொன்னார். அட்டெண்டர்களை உட்காரச் சொல்கிற வழக்கம் அந்தக் கல்லூரியில் கிடையாது. மனுவை முழுக்கப் படித்தார். இடையில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி படித்தார். படித்து முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கு குழந்தைராஜ். உங்கள எனக்குத் தெரியாதா? நீங்க அப்படிச் செஞ்சிருக்கமாட்டீங்க."

குழந்தைராஜுக்கு இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது. "இத அனுப்பி வெச்சாப் போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல. யாருமேலயும் நடவடிக்கை வேணாம்."

"அனுப்பலாம். ஆனா நேரா எங்கிட்டக் குடுத்தா நான் வாங்கக் கூடாதுங்க. ஸ்டாஃப் மனுன்னா துறைத்தலைவர் மூலமாத்தான் வரணும், அதான் ரூல். அவர் பரிந்துரைச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்புனா நான் உடனே எடுத்துக்கிறேன்." மனுவை மேசைமேல் குழந்தைராஜ் பக்கமாகத் திருப்பி வைத்தார். "அப்புறம் இது தமிழ்ல இருக்கு பாருங்க. வெளிநாட்டுக்காரனுக்கு இங்கிலீஷ்ல போவணும். அதையும் அருள்பிரகாஷ் சார்கிட்டயே கேளுங்க, நல்லா எழுதுவாரு. உங்களுக்குன்னா செய்வாரு, ரொம்ப வருஷப் பழக்கம் இல்லையா."

குழந்தைராஜ் எழுந்தார். மனுவை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரேங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.